வலது தடத்தை விடாத லாரிகள், கையைக் கடிக்கும் செலவு: ஓசூர்–மதுரைப் பயணக் கணக்கு

கேட்டவருக்கு ஓசூரில் வேலை, மதுரையில் அப்பா அம்மா. மாதம் ஒருமுறை சொந்தக் காரில் போய் வருகிறார். லாரிகள் வலது தடத்தை விட்டு நகர்வதே இல்லை, இரவில் ஓட்டப் பயமாக இருக்கிறது, பெட்ரோலும் சுங்கமும் சேர்ந்து கையைக் கடிக்கின்றன என்கிறார். லாரிகளுக்குத் தனித் தடம் போட்டால் என்ன, இல்லை நானே பஸ்ஸுக்கு மாறிவிடட்டுமா என்பது அவர் கேள்வி.

எனக்குச் சங்ககிரிப் பக்கம். வீட்டில் லாரி ஓடியது. லோடு ஏற்றுவதும் டீசல் கணக்குப் பார்ப்பதும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இன்று நானும் உங்களைப் போலக் காரில் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகிறவன்தான். அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் லாரிக்காரர் அடுத்து என்ன செய்வார் என்று முக்கால்வாசி நேரம் உங்களால் சொல்லிவிட முடியும்: அவர் காலடியில் இருப்பது பிரேக் மட்டும் இல்லை, டீசல் காசும்தான்.

கணக்கைப் பாருங்கள். மூன்று அச்சு, பத்துச் சக்கர லாரி, நாம் டாரஸ் என்று சொல்கிறோமே, அதன் மொத்த எடை 2018 வரை 25 டன்னாக இருந்தது. அந்த ஆண்டு மத்திய அரசு அச்சு எடையை உயர்த்தியதும் 28.5 டன் ஆனது. பெரிய டிரெய்லர்கள் 49-லிருந்து 55 டன்னுக்குப் போயின. லோடோடு 60 கி.மீ. வேகத்தில் வரும் டாரஸ் ஒருமுறை முழுதாக நின்று, திரும்ப அதே 60-ஐப் பிடிக்கக் கால் லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். இருபத்தைந்து, முப்பது ரூபாய். உங்கள் காருக்கு அதே வேலைக்கு இரண்டு ரூபாய் ஆகும். லிட்டருக்கு நான்கு கி.மீ. கிடைத்தாலே பெரிது என்ற வண்டியில், வழியில் ஐம்பது இடத்தில் நின்று எடுத்தால் டிரைவரின் பேட்டா அளவுக்குப் பணம் போய்விடும். நேரமும் போகிறது. நீங்கள் ஐந்தாறு வினாடியில் எட்டும் வேகத்துக்கு அவருக்கு முக்கால் நிமிடம், ஏற்றமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும்.

இப்போது வலது தடத்துக்கு வருவோம். சட்டப்படி லாரி இடது தடத்தில்தான் போக வேண்டும், வலது தடம் முந்துவதற்கு. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஒரு நாள் லாரி கேபினில் உட்கார்ந்து பாருங்கள், இடது தடம் எப்படி இருக்கிறதென்று தெரியும். சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும் மொபெட், எதிர்த்திசையில் வரும் டிராக்டர், டீக்கடை வாசலில் பாதித் தடத்தை அடைத்து நிற்கும் இன்னொரு லாரி, பெயர்ப்பலகையே இல்லாத பஸ் நிறுத்தம். ஒவ்வொன்றுக்கும் பிரேக் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பிரேக்கும் முப்பது ரூபாய். போதாக்குறைக்கு இடது தடத்தில் கனரக வண்டிகள் ஓடி ஓடித் தார் அமுங்கி வாய்க்கால் விழுந்திருக்கும். அதனால் வலது தடத்தில் ஏறி ஒரே சீராக 60-ல் விட்டுவிடுகிறார்கள். சரி என்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பதால் அவர் நகர மாட்டார். இடது தடம் தூரத்துக்குக் காலியாகத் தெரிந்தால், நீங்கள் ஒருமுறை லைட் அடித்தாலே பெரும்பாலும் ஒதுங்குவார்.

லாரியை லாரி முந்தும் காட்சிதான் காரில் போகிறவர்களுக்கு உச்சக்கட்ட எரிச்சல். ஒன்று 58-ல் போகிறது, இன்னொன்று 62-ல் முந்துகிறது. இரண்டு வண்டியின் நீளமும் முன்பின் இடைவெளியும் சேர்த்து அறுபது மீட்டர் கடக்க வேண்டும், வேக வித்தியாசமோ வெறும் 4 கி.மீ. ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் இரண்டும் ஒரு கி.மீ. போய்விடும். நீங்கள் 90-ல் வந்து அந்த ஒரு கி.மீ. தூரத்தை 60-ல் போனால் இழப்பது 20 வினாடி. அந்த 20 வினாடிக்காகத்தான் மண் ஓரத்தில் இறங்கி இடதுபக்கமாக முந்துகிறார்கள்.

இடதுபக்கம் முந்துவது ஏன் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிரைவர் உட்காருவது வலது பக்கம், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல். இடது கதவை ஒட்டி ஒரு கார் நின்றால் அவர் கண்ணுக்கு அது இல்லை. முன் பம்பரை ஒட்டி நின்றாலும் இல்லை. முன்பெல்லாம் இடது ஓரத்தில் கிளீனர் உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டுவார், “சைக்கிள் வருது”, “போலாம் ரைட்” என்று குரல் கொடுப்பார். அந்தக் கிளீனர்தான் லாரியின் இடது கண். சம்பளம் கட்டுப்படியாகாமல், ஆளும் கிடைக்காமல், இன்று நிறைய வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. கண்ணாடி ஒன்றை நம்பித்தான் அவர் இடது தடத்துக்குத் திரும்புகிறார். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் கார் அவருக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முந்தும்போது பக்கத்தில் கூடவே ஓடாதீர்கள், 30 கி.மீ. வேக வித்தியாசம் இருந்தால் ஏழெட்டு வினாடியில் கடந்துவிடலாம். கடந்த பிறகு, உள் கண்ணாடியில் லாரியின் முகப்பு முழுதாகத் தெரிந்ததும் இடது தடத்துக்கு வாருங்கள். முந்திய சூட்டோடு குறுக்கே வந்து பிரேக் அடிப்பவர்களைப் பற்றி லாரி டிரைவர்கள் பேசுவதை இங்கே எழுத முடியாது.

சைகை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. இருவழிச் சாலையில் இடது இண்டிகேட்டர் போட்டு “வா, போ” என்பதும், வலது இண்டிகேட்டர் போட்டு “எதிரே வண்டி வருது, இரு” என்பதும் லாரிக்காரர்களின் பழைய வழக்கம். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதே இடது இண்டிகேட்டர் அவர் டீக்கடைக்கு ஒதுங்கப் போகிறார் என்றும் பொருள்படும். வலது, உண்மையிலேயே திரும்பப் போகிறார் என்று. உங்கள் கண்ணால் சாலை காலியாகத் தெரியாமல் அவர் சைகையை மட்டும் நம்பி ஏறாதீர்கள். எதிரே வருகிறவர் லைட் அடித்தால் நம் ஊரில் அதற்கு அர்த்தம் “நான் வருகிறேன், நில்” என்பதுதான்.

உங்கள் வழியில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் தொப்பூர் கணவாய். தர்மபுரி மேட்டிலிருந்து சேலம் பக்கம் சாலை இறங்கும் இடம். நீங்கள் மதுரைக்குப் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த ஒரு லாரி பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்த விபத்தில் ஒரு லாரி பாலத்திலிருந்தே கீழே விழுந்தது, நடுவில் சிக்கிய கார் எரிந்தது. அதிலும் நான்கு பேர். அந்தக் கணவாயில் இருக்கும் இரட்டைப் பாலம் என்ற இடத்தின் பெயரைத் தர்மபுரிச் செய்திகளில் படிக்காத வருடம் இல்லை.

அங்கே என்ன நடக்கிறது? இறக்கம் வந்ததும் டீசல் மிச்சம் பண்ண நியூட்ரலில் போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. பழைய ஆட்கள் எஞ்சினையே அணைப்பார்கள். எஞ்சின் நின்றால் காற்றடிக்கும் கம்ப்ரெசரும் நின்றுவிடும். லாரி பிரேக் காற்றில் வேலை செய்வது. ஒவ்வொரு மிதிக்கும் டாங்கியில் இருக்கும் காற்று குறையும். டாஷ்போர்டில் காற்றழுத்த முள் மெதுவாகக் கீழே சாயும், அப்புறம் எச்சரிக்கை பஸ்ஸர் கத்த ஆரம்பிக்கும். எஞ்சின் ஓடினாலும் நியூட்ரலில் இருந்தால் முப்பது டன்னையும் தாங்குவது பிரேக் லைனர் மட்டும்தான். இரண்டு மூன்று வளைவுக்குள் லைனர் சூடேறி, கருகிய வாடை கேபினுக்குள் வரும். அதற்குப் பிறகு மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. “பிரேக் பிடிக்கவில்லை” என்று டிரைவர் சொன்னதாகச் செய்தியில் வருவது பெரும்பாலும் இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டீசல் மிச்சமே பொய்க்கணக்கு. இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி டீசல் பாய்வதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிந்தே ஆக வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் கியரில் இறக்குவதற்குத்தான் செலவு குறைவு. எந்தக் கியரில் மேட்டை ஏறுவோமோ அந்தக் கியரில் இறக்கு என்பது பட்டறையில் எல்லோரும் சொல்லும் பாடம். உங்கள் காருக்கும் அதே பாடம்தான். மூன்றாம் கியர் போதும்.

தொப்பூரில் உங்களுக்கு நான் சொல்வது: கணவாய் தொடங்கும் முன்பே, சமதளத்தில், லாரிகளை முந்திவிடுங்கள், அல்லது நல்ல இடைவெளி விட்டுப் பின்னாலேயே இறங்குங்கள். லோடு லாரிக்கு முன்னால் இறக்கத்தில் மெதுவாகப் போவதுதான் மோசமான இடம். உள் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். முன்னால் வண்டிகள் நின்று நெரிசல் தெரிந்தால் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டே வேகத்தைக் குறையுங்கள். படம் எடுக்க ஓரம் கட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இரவு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், மாநிலங்களில் இதுவே அதிகம், இறந்தவர்கள் 17,884. நம் பக்கத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் கார் மோதியது.” லாரியின் பின்சட்டம் காரின் பானெட்டை விட உயரம். கீழே தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பல வண்டிகளில் அது துருப்பிடித்து வளைந்து பெயருக்குத் தொங்கும். அந்தக் கம்பி தாங்காவிட்டால் காரின் முன்பகுதி அடியில் நுழைந்து, அடி நேராகக் கண்ணாடி மட்டத்தில் விழும். ஏர்பேக்கால் அங்கே பெரிய உதவி கிடைக்காது.

இதற்கும் ஒரு கணக்கு. டிம் வெளிச்சம் சுமார் 40–50 மீட்டர் காட்டும். 100 கி.மீ. வேகத்தில் நீங்கள் பார்த்து, மிதித்து, நிற்க 100 மீட்டர் தேவை. 70-ல் அது 55 மீட்டர் அளவுக்கு வரும். பின்விளக்கு எரியாமல், ஒளிரும் பட்டை சேறு மூடி, தார்ப்பாய் போர்த்தி நிற்கும் லாரியை 100-ல் வருகிறவர் பார்க்கும்போதே காலம் கடந்துவிடும். அதனால் இரவில் 70-க்கு மேல் வேண்டாம், டிம் மட்டும் போட்டு ஓட்டும்போது அதற்கும் கீழே. எதிரே வெளிச்சம் இல்லாதபோது பிரைட் போடுங்கள். இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். பின்னிரவு 2 முதல் 5 வரை ஓட்டவே வேண்டாம். அந்த நேரத்தில் உங்களுக்கு மட்டும் தூக்கம் வருவதில்லை. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிக் கேரளாவுக்கு ஓடுகிறவருக்கும், விடிவதற்குள் லோடு இறக்க வேண்டியவருக்கும் அதே தூக்கம்தான்.

தனித் தடம் கேட்டீர்கள். நான்கு வழிச் சாலையில் ஒரு தடத்தை லாரிக்கு ஒதுக்கினால் மிச்சம் இருப்பது ஒன்று. இன்றிருக்கும் அகலத்தில் நடக்காது. சரக்குக்கென்று தனி ரயில் பாதை வடக்கே லூதியானா பக்கமும் மும்பைத் துறைமுகப் பக்கமும் போட்டிருக்கிறார்கள், நமக்கு இன்னும் இல்லை. அதுவரை சாலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சுங்கத்தைப் பற்றி ஒரு நியாயமான கோபம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். 2008 சுங்க விதிகளின்படி அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 காசு, நான்கு முதல் ஆறு அச்சு வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு. ஆண்டுதோறும் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் சேர்த்து ஏற்றுகிறார்கள். விகிதம் அப்படியேதான் இருக்கிறது, அதாவது லாரி காரைப் போல ஏறக்குறைய 3.4 முதல் 5.3 மடங்கு கட்டுகிறது. சாலைக்கு ஏற்படும் சேதம் அந்த விகிதத்தில் இல்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்த ஆய்விலிருந்து, சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்ற கணக்கு வந்தது. அச்சுக்கு 700 கிலோ உள்ள காரையும் 10 டன் உள்ள லாரியையும் ஒப்பிட்டால் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் வரும். லாரி 20 சதவீதம் கூடுதல் லோடு ஏற்றினால் சேதம் இரட்டிப்பாகும்.

அப்படியென்றால் கார்க்காரர்கள் ஏமாளிகளா? முழுக்க அப்படியும் இல்லை. கி.மீ.க்குக் கால் லிட்டர் டீசல் எரிக்கும் லாரி, ஒவ்வொரு லிட்டருக்கும் மத்திய வரியும், தமிழ்நாட்டில் 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும் மாநில வரியாகவும் கட்டுகிறது. அதற்கு மேல் லாரிக்கு ஏற்றுவது மதுரைச் சந்தையில் உங்கள் அம்மா வாங்கும் வெங்காயத்தின் விலையில்தான் வந்து உட்காரும். என் பார்வையில் கட்டணத்தை ஏற்றுவதைவிட, சாவடியிலேயே எடை போட்டு, கூடுதல் லோடை இறக்கிவைக்கச் சொல்வதுதான் உருப்படியான வேலை. விதி இருக்கிறது. இறக்கிவைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

இனி உங்கள் செலவு. ஓசூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 400 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் லிட்டருக்கு 16 கி.மீ. என்று வைத்தால் ஒருவழிக்கு 2,500 ரூபாய். கிருஷ்ணகிரி, ராசம்பாளையம், வேலஞ்செட்டியூர், கொடைரோடு என்று வழியில் ஆறு சாவடி. ஒன்றுக்குச் சராசரி 90 என்றால் 540. டயர், சர்வீஸ் வகையில் கி.மீ.க்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல், 500 என்று வையுங்கள். மொத்தம் 3,500 பக்கம்.

இதில் உடனே குறைக்க முடிந்தது சுங்கம். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது விலை 3,000 ரூபாய்; 200 முறை சாவடி கடக்கலாம் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. ஒரு கடப்புக்கு 15 ரூபாய் விழுகிறது. நீங்கள் போய்வர 12 கடப்பு, ஆண்டுக்கு 144. மூன்றாவது பயணத்திலேயே பாஸ் போட்ட காசு வந்துவிடும், ஊர் சுற்ற இன்னும் 56 கடப்பு மிச்சம் இருக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டுமே செல்லும்; மாநில அரசுச் சாலைகளின் சாவடியில் வழக்கம்போலப் பிடிப்பார்கள். பாஸ் அந்தக் காருக்கு மட்டும்தான், தம்பி காருக்கு மாற்றி ஒட்ட முடியாது.

அடுத்தது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனாலே ஒன்றரை மடங்குக்கு மேல். 100, 110 என்று விரட்டும் காரில் 15 கிடைத்தால், 80, 85-ல் சீராகப் போகும்போது 18 கிடைக்கும். ஒருவழிக்கு நான்கு லிட்டருக்கு மேல் மிச்சம். நேரத்தில் இழப்பது காகிதத்தில் ஒரு மணி நேரம். ஊர்களும் நெரிசலும் சாவடியும் உள்ள நிஜச் சாலையில் அரை மணி இருந்தால் அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள்: லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-க்கு வைக்கப்பட்டது. நீங்கள் 80, 85-ல் போனால் லாரிகளோடு வேக வித்தியாசம் குறைந்து, திடீர் பிரேக்கும் குறையும். டீசலுக்காக அவர் செய்யும் அதே சீரான ஓட்டம்தான் உங்கள் பெட்ரோலையும் காப்பாற்றும்.

நிறையப் பேர் கணக்கில் சேர்க்காத ஒன்று காரின் தேய்மானம். காப்பீட்டுக் கணக்கில் ஐந்தாம் ஆண்டில் கார் மதிப்பு பாதியாகிவிடும். 10 லட்ச ரூபாய்க் கார், ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் கி.மீ.க்கு எட்டு ரூபாய்க்கு மேல். பெட்ரோலோ ஆறேகால்தான். ஆனால் கார் ஏற்கெனவே வாங்கியாயிற்று, வாசலில் நின்றாலும் மதிப்பு இறங்கத்தான் போகிறது. அதனால் இந்த மாதம் காரா பஸ்ஸா என்று முடிவெடுக்கும்போது இதைச் சேர்க்காதீர்கள். அடுத்த கார் பெரிதா சிறிதா என்று யோசிக்கும்போது கட்டாயம் சேருங்கள்.

பாஸ் போட்டபின் ஒருவழிக்கு 3,100 ரூபாய் பக்கம் வரும். வீட்டில் மூன்று நான்கு பேராகப் போனால் தலைக்கு ஆயிரம் பக்கம் அல்லது அதற்குள், காரிலேயே போங்கள். தனியாகப் போகும் மாதங்களில் கார் கட்டுப்படியாகாது. பஸ்ஸைவிட எனக்குப் பிடித்தது பெங்களூரு–நாகர்கோவில் விரைவு ரயில். ஓசூரிலேயே ஏறலாம், தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரையில் இறக்கிவிடும். டிக்கெட் கிடைக்காத வாரம் காரை எடுத்தே ஆகவேண்டும் என்றால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்த களைப்போடு ராத்திரி கிளம்பாதீர்கள். சனி விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் தொப்பூரை நல்ல வெளிச்சத்தில் தாண்டிவிடலாம், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீடு.